இலேசான காரும் நாலு தராசும்

வரி, உரிமம், தராசு முத்திரை, வெங்காய விலை என்று நம் இதழில் படித்துப் பழகிய அன்பர்களுக்கு, பந்தயக் கார் பற்றி ஒரு கட்டுரை எதற்கு என்று தோன்றலாம். காரணம் இருக்கிறது.

சென்னை - திருச்சி தேசிய நெடுஞ்சாலை எங்கள் பாடாலூரைத் தொட்டுக்கொண்டு போகிறது. பக்கத்தில் நாரணமங்கலத்தில் எம்.ஆர்.எஃப். டயர் ஆலை இருக்கிறது. அந்தப் பெயரைப் பந்தயக் கார்களின் மேல் பார்த்துப் பார்த்து நம் பிள்ளைகளுக்கும் ஆசை வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை விடியலில் மண்டி வாசலில் நின்றால், சைலன்சரை மாற்றிய கார்கள் உறுமிக்கொண்டு பறப்பதைக் கேட்கலாம். ஓட்டுகிறவர்களில் வணிகர் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. அதே சாலையை வெங்காய மூட்டை ஏற்றிய வண்டிகளும், மொபெட்டில் பால் கேன் கட்டி வருகிறவர்களும், பள்ளிக்கூடப் பிள்ளைகளும் கடந்தாக வேண்டும்.

பிள்ளையின் ஆசையை அடக்குவதா, அதற்கு ஓர் இடம் காட்டுவதா என்பதுதான் கேள்வி. ஆசை கெட்டதல்ல, இடம்தான் தவறு என்பது நம் கருத்து. எங்கள் உறவுப் பிள்ளை ஒருவன் கோவையில் பொறியியல் படித்தபோது, கல்லூரி மாணவர்களோடு சேர்ந்து ஒரு சிறு பந்தயக் கார் கட்டினான். இரண்டு நாள் அந்தப் பட்டறையில் உட்கார்ந்து பார்த்தோம். வேகத்தைப் பற்றியே பேசுவார்கள் என்று எதிர்பார்த்துப் போனோம். அவர்களோ எடையையும் கணக்கையும் பற்றித்தான் பேசினார்கள். அது நமக்குத் தெரிந்த தொழில்.

வரியால் வளர்ந்த கார்

இலேசான இரண்டு இருக்கைக் காரில் உலகப் புகழ் பெற்றது இங்கிலாந்தின் லோட்டஸ் செவன். காலின் சாப்மன் என்பவர் 1957ல் அறிமுகம் செய்தார். எஃகுக் குழாய்களைப் பற்றவைத்த சட்டம், அதன் மேல் மெல்லிய அலுமினியத் தகடு, முன்னால் ஒரு சிறு என்ஜின். கதவு கிடையாது, மேற்கூரையும் பேருக்குத்தான்.

அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் முழுக் காராக வாங்கினால் கொள்முதல் வரி உண்டு. உதிரிப் பாகங்களாக வாங்கி, வீட்டில் தானே பூட்டிக்கொண்டால் அந்த வரி இல்லை. ஆகவே சட்டம், என்ஜின், சக்கரம் எல்லாவற்றையும் பெட்டிகளில் போட்டு விற்றார்கள். பூட்டும் முறையை அச்சிட்டுக் கொடுத்தால் வரி விழும் என்பதால், கழற்றும் முறை என்று அச்சிட்டுக் கொடுத்து, வாங்கியவரைக் கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கத்துக்குப் படித்துக்கொள்ளச் சொன்னார்களாம். வரியைப் பார்த்த வணிகன் மூளை எந்த நாட்டிலும் ஒரே மாதிரிதான் வேலை செய்யும் போலிருக்கிறது!

1973ல் அங்கே மதிப்புக் கூட்டு வரி வந்ததும் இந்தச் சலுகை போய்விட்டது. அதே ஆண்டில் செவன் காரின் உரிமையைக் கேட்டர்ஹாம் என்ற நிறுவனம் வாங்கியது. வரிச் சலுகை போன பிறகும் கார் நிலைத்துவிட்டது. காரணம் அதன் எடை. 2013ல் இந்த நிறுவனம் அறிமுகப்படுத்திய செவன் 160 என்ற வகையில் இருப்பது சுசுகியின் 660 சி.சி. என்ஜின், 80 குதிரைத்திறன். காரின் எடையோ 490 கிலோதான். டன்னுக்கு 163 குதிரைத்திறன் என்று கணக்காகிறது. நம் ஊர் சாதாரணக் கார் 1,000 கிலோ எடையும் 80 குதிரைத்திறனும் கொண்டது என்றால் டன்னுக்கு 80தான். என்ஜினில் ஒரு குதிரை கூடக் கூட்டாமல், எடையைப் பாதியாக்கியே டன்னுக்கான குதிரைத்திறனை இரட்டிப்பாக்கும் வித்தை இது. தேங்கிக் கிடக்கும் சரக்கைக் குறைத்தால் முதல் வேகமாகச் சுழலும் என்று நமக்குத் தெரியாதா?

கோவையில் நடந்தது

இந்த வித்தை தமிழ்நாட்டுக்கும் வந்தது. அதற்கு ஏற்ற மண் கோவை. அங்கே ஜி.டி. நாயுடு 1952லேயே இரண்டு பேர் அமரும் விலை மலிந்த பெட்ரோல் காரைச் செய்து காட்டினார். அரசு உரிமம் கிடைக்காததால் அது தொடரவில்லை.

பிறகு வந்தவர் லட்சுமி மில்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த எஸ். கரிவர்தன். பந்தய உலகில் எல்லோருக்கும் ‘கரி’. இரண்டாம் உலகப் போர்க் காலத்துச் சோழவரம் விமான ஓடுபாதையில் பந்தயம் நடந்த நாட்களிலேயே ஓட்டியவர். வெளிநாட்டிலிருந்து ஒரு பந்தயக் கார் தருவிக்க வேண்டுமானால் பெரும் பணக்காரருக்கே முடியும் என்றிருந்த காலம் அது. 1983 டிசம்பரில் மாருதி 800 விற்பனைக்கு வந்திருந்தது. 796 சி.சி., மூன்று சிலிண்டர், எந்த ஊரிலும் உதிரிப் பாகம் கிடைக்கும். அந்த என்ஜினை எடுத்து, குழாய்ச் சட்டத்தில் ஓட்டுநருக்குப் பின்னால் பொருத்தி, ஃபைபர் உடல் மூடி, ஒற்றை இருக்கைப் பந்தயக் காராகக் கரி செய்தார். ‘ஃபார்முலா மாருதி’ என்று பெயர். நாற்பது குதிரைத்திறனுக்கும் குறைவான குடும்பக் கார் என்ஜின், எடை குறைந்த சட்டத்தில் உட்கார்ந்ததும் பந்தயத்துக்கு வந்துவிட்டது.

கோவைப் பிள்ளை நாராயண் கார்த்திகேயன் தொடக்கத்தில் ஓட்டியது இந்த ஃபார்முலா மாருதியைத்தான். அவரே 2005ல் ஃபார்முலா 1 பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். கரி அதைப் பார்க்க இல்லை. 1995ல் ஒரு சிறு விமான விபத்தில் காலமாகிவிட்டார். கோவை செட்டிபாளையத்தில் 2003ல் திறந்த பந்தயப் பாதைக்கு ‘கரி மோட்டார் ஸ்பீட்வே’ என்று அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். கோவையின் எல்.ஜி.பி. நிறுவனத்தின் ஆதரவில் மாருதி குடும்பத்து என்ஜினோடு ‘எல்.ஜி.பி. ஃபார்முலா 4’ கார்கள் அதன் பிறகும் ஓடின.

எடைபோடும் வேலை

இனி பட்டறைக்குள் போவோம். காரை டியூன் செய்வது என்றால் என்ஜினில் கை வைப்பது என்று நாம் நினைக்கிறோம். அந்த மாணவர்கள் முதலில் தரையைத்தான் சரிபார்த்தார்கள். கொத்தனார் பிடிக்கும் தண்ணீர் டியூபை வைத்து, நாலு சக்கரம் நிற்கும் நாலு இடமும் ஒரே மட்டமா என்று பார்த்தார்கள். பிறகு ஒவ்வொரு சக்கரத்துக்கும் அடியில் ஒரு மின்னணுத் தராசு. டயரில் காற்று அளவாக இருக்க வேண்டும், டாங்கில் பாதி எண்ணெய் இருக்க வேண்டும், ஓட்டுகிறவன் இருக்கையில் உட்கார வேண்டும். அவன் இல்லாவிட்டால் அவன் எடைக்கு உப்பு மூட்டை வைக்கலாம்.

ஓர் உதாரணக் கணக்கு சொல்கிறோம். மொத்த எடை 500 கிலோ என்று வைத்துக்கொள்வோம். முன் இடது சக்கரத்தில் 130, முன் வலது 110, பின் இடது 120, பின் வலது 140. இடது பக்கம் கூட்டினால் 250, வலது பக்கமும் 250. நம் கடைப் பையன் என்றால் சரியாக இருக்கிறது என்று தராசை இறக்கிவிடுவான். ஆனால் மூலைக்கு மூலை கூட்டிப் பாருங்கள். முன் இடதும் பின் வலதும் சேர்ந்து 270. முன் வலதும் பின் இடதும் சேர்ந்து 230. நாற்பது கிலோ வித்தியாசம். இந்தக் கார் ஒரு பக்க வளைவில் ஒழுங்காகத் திரும்பும், மறுபக்க வளைவில் வழுக்கும். பிரேக் அழுத்தினால் எடை குறைந்த சக்கரம் முதலில் பூட்டிக்கொள்ளும்.

இதற்கு மருந்து ஸ்பிரிங்கின் அடியில் உள்ள மரை வளையம். நாலு கால் முக்காலி, மன்னிக்கவும், நாற்காலி ஆடும்போது ஒரு காலுக்கு அடியில் அட்டையை மடித்து வைக்கிறோம் அல்லவா? அட்டை வைத்த காலும் அதற்கு எதிர் மூலைக் காலும் கூடுதல் எடை தாங்கும், மற்ற இரண்டும் இளகும். அதே விதிதான் இங்கும். முன் வலது வளையத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள் என்றால், முன் இடது 120, முன் வலது 120, பின் இடது 130, பின் வலது 130 என்று வந்து நிற்கும். மூலைக்கு மூலை 250. மொத்த எடையில் ஒரு கிராம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நாற்பது வருடம் தராசோடு வாழ்ந்த எங்களுக்கு, தராசை இப்படியும் பயன்படுத்தலாம் என்று அன்றுதான் தெரிந்தது.

டயரும் பிரேக்கும்

அடுத்தது டயர். சாதாரணக் காருக்கு 30 பி.எஸ்.ஐ. அளவில் காற்று வைக்கிறோம். கேட்டர்ஹாம் போன்ற 500 கிலோ காருக்கு 18 முதல் 20 போதும். அதற்கு மேல் வைத்தால் டயரின் நடுப்பகுதி மட்டும் தரையில் படும், பிடிப்பு போய்விடும். டயரின் நடுவில் தேய்ந்தால் காற்று அதிகம், இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு. ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தால் சக்கரத்தின் கோணம் தவறு. கோணம் பார்க்க விலை உயர்ந்த கருவி இல்லாத இடத்தில், காரின் இரண்டு பக்கமும் நீளமாக நூல் கட்டி, சக்கரத்தின் முன் விளிம்புக்கும் பின் விளிம்புக்கும் உள்ள தூரத்தை ஸ்கேலால் அளக்கிறார்கள். ஒரு மில்லிமீட்டர் தவறினாலும் மறுபடி முதலிலிருந்து அளக்கிறார்கள்.

பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் குணம் உள்ளது. ஈரம் சேர்ந்த எண்ணெய் சூட்டில் கொதித்து ஆவியாகும். ஆவி வந்துவிட்டால் மிதி தரை வரை போகும், கார் நிற்காது. ஓட்டம் இல்லாமல் ஷெட்டில் நின்றாலும் வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும் என்பது இதனால்தான்.

எடை குறைந்த காரில் அதிர்வை வாங்கிக்கொள்ள எதுவும் இல்லை. நட்டும் போல்ட்டும்தான் எல்லாவற்றையும் தாங்குகின்றன. ஒவ்வொரு நட்டையும் சொன்ன இறுக்கத்துக்கு முடுக்கிய பின், நட்டிலும் சட்டத்திலும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு போடுகிறார்கள். ஓடி வந்ததும் கோடு விலகியிருக்கிறதா என்று பார்த்தால் போதும், எது தளர்ந்தது என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும். பற்றவைத்த இடங்களைத் துடைத்து, விளக்கு அடித்து, முடி போல விரிசல் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். ஃபைபரில் நட்சத்திரம் போலக் கீறல் கண்டால் அதன் பின்புறம் அடி வாங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

என்ஜின் கடைசியில்தான்

இவ்வளவும் முடிந்த பிறகே என்ஜின். பழைய கார்புரேட்டர் வண்டியில் பிளக்கைக் கழற்றிப் பார்த்தாலே பாதி விஷயம் தெரியும். முனை காப்பிப்பொடி நிறத்தில் இருந்தால் கலவை சரி. கரி படிந்து கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. வெளுப்புதான் ஆபத்து, பிஸ்டன் தலையே உருகிவிடலாம். தீப்பொறி சற்று முந்தி விழும்படி வைத்தால் இழுவை கூடும். அளவு மீறினால் ‘டக் டக்’ என்று தட்டும். தட்டலைக் கேட்டுக்கொண்டே ஓட்டுகிறவன் என்ஜினை உடைக்கிறான். புதிய வண்டிகளில் இந்த வேலையெல்லாம் கணினிப் பெட்டிக்குப் போய்விட்டது. எனினும் அளவு மீறினால் வரும் கேடு அதேதான்.

ஆயில் விஷயம் முக்கியம். வளைவில் வேகமாகத் திரும்பும்போது அடித்தொட்டியில் உள்ள ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கும். பம்ப் காற்றை உறிஞ்சும். சில விநாடி ஆயில் இல்லாமல் சுற்றினாலே பேரிங் போய்விடும். இதைத் தடுக்கத் தொட்டிக்குள் தடுப்புத் தகடு வைக்கிறார்கள். சாலைக்காகச் செய்த காரில் அந்தத் தகடு அந்த அளவுக்கு இருப்பதில்லை. சைலன்சரை மட்டும் மாற்றிவிட்டுப் பந்தயக் கார் என்று ஓட்டும் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும்.

எங்களைக் கவர்ந்தது அவர்கள் வைத்திருந்த நோட்டுப் புத்தகம். தேதி, வெயில், நாலு டயரின் காற்று, நாலு சக்கரத்தின் எடை, செய்த மாற்றம், ஓட்டிய நேரம், எல்லாம் நம் பேரேடு போல வரிவரியாக இருந்தது. ஒரு சமயத்தில் ஒரே ஒரு மாற்றம்தான் செய்வார்கள். இரண்டை மாற்றினால் லாபம் எதனால், நஷ்டம் எதனால் என்று தெரியாது என்றான் அந்தப் பிள்ளை. கல்லாவில் உட்கார்ந்த எவரும் மறுக்க மாட்டார்கள்.

சட்டம் சொல்வது

நம் நாட்டில் உதிரிப் பாகம் வாங்கி வீட்டில் கார் பூட்டிப் பதிவு செய்து சாலையில் ஓட்டுவது நடக்காத காரியம். வாங்கிய காரையும் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவின்படி, தயாரிப்பாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வாகனத்தை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி, சட்டம் அனுமதிக்காத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். ‘உரிமையாளர்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். பிள்ளை ஓட்டினாலும் ஆர்.சி. புத்தகத்தில் இருப்பது பெரும்பாலும் நம் பெயர். பொதுச் சாலையில் பந்தயம் ஓட்டுவது 189வது பிரிவின்படி தனிக் குற்றம். விபத்து நேர்ந்தால் மாற்றம் செய்த வண்டிக்குக் காப்பீட்டு நிறுவனம் கையை விரிக்கவும் இடம் உண்டு. போன உயிருக்கோ எந்த நிறுவனமும் ஈடு தர முடியாது.

பந்தயப் பாதையில் நிலைமை வேறு. எல்லோரும் ஒரே திசையில் ஓடுகிறார்கள். குறுக்கே மாடு வராது, மொபெட் வராது. தலைக்கவசம், தீப்பிடிக்காத உடை, நாலைந்து பட்டைகள் கொண்ட பெல்ட், தயாராக நிற்கும் ஆம்புலன்ஸ் எல்லாம் உண்டு. சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் பாதை 1990லிருந்து இருக்கிறது. பாடாலூரிலிருந்து அந்தப் பாதைக்கும் கோவைப் பாதைக்கும் காலையில் புறப்பட்டால் மதியத்துக்குள் போய்விடலாம்.

படிக்கும் பிள்ளைகளுக்கு இன்னொரு வழியும் உண்டு. ‘ஃபார்முலா பாரத்’ என்ற மாணவர் போட்டி 2017லிருந்து கோவைப் பாதையில் நடந்து வந்திருக்கிறது. இத்தகைய போட்டிகளில் வேகத்துக்கு மட்டும் மதிப்பெண் இல்லை. காருக்கு ஆன செலவுக் கணக்கு, அதை விற்கும் வணிகத் திட்டம், வடிவமைப்பு ஆகியவற்றுக்கும் மதிப்பெண் உண்டு. ஓட அனுமதிக்கும் முன் காரை 60 டிகிரி சாய்த்து, எண்ணெய் சிந்துகிறதா என்று பார்ப்பார்கள். பிரேக் அழுத்தினால் நாலு சக்கரமும் பூட்ட வேண்டும். தேறாத கார் எத்தனை அழகாக இருந்தாலும் ஓட முடியாது.

நம் சரக்கு வண்டிக்கு

பந்தயம் வேண்டாம், நமக்கு என்ன பயன் என்று கேட்கும் அன்பர்களுக்கு நாலு விஷயம் சொல்கிறோம்.

1. டாடா ஏஸ் என்னும் நம் குட்டி யானை 2005ல் வந்தபோது அதன் என்ஜின் 16 குதிரைத்திறன்தான். ஏற்றச் சொன்ன எடை முக்கால் டன். அதில் ஒன்றரை டன் ஏற்றினால் மிச்சமாகும் வாடகை, பிரேக், டயர், கிளட்ச் செலவில் போய்விடும். மயிலிறகே ஆனாலும் அளவு மீறினால் அச்சு முறியும் என்ற வள்ளுவர் வாக்கு இன்றைக்கும் பொருந்தும்.

2. மூட்டைகளைப் பின் கதவோரம் குவிக்காதீர்கள். பின்னால் பாரம் கூடினால் முன் சக்கரம் இலேசாகி ஸ்டியரிங் பிடிக்காது. பாரம் பின் அச்சுக்குச் சற்று முன்னால், இடமும் வலமும் சமமாக அமையட்டும்.

3. டயர் காற்றை வாரம் ஒரு முறை, வண்டி ஓடுவதற்கு முன் பாருங்கள். பந்தயக் காருக்குக் குறைவு என்றோமே என்று சரக்கு வண்டிக்குக் குறைத்துவிடக் கூடாது. தயாரிப்பாளர் சொன்ன அளவே அளவு.

4. வண்டிக்கு ஒரு நோட்டுப் போடுங்கள். ஆயில், பிரேக் எண்ணெய், டயர் மாற்றிய தேதியும் கிலோமீட்டரும் அதில் இருக்கட்டும். டிரைவர் மாறினாலும் நோட்டு மாறாது.

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டு விழாவுக்கும் சுற்றுலாவுக்கும் பேருந்து பிடிக்கிறோம். ஒரு முறை கோவைக்கோ இருங்காட்டுக்கோட்டைக்கோ, பந்தயம் நடக்கும் நாளில் நம் வீட்டுப் பிள்ளைகளை அழைத்துச் செல்லலாம். பட்டறையில் நட்டுக்கு நட்டு கோடு போட்டுப் பார்ப்பதைக் கண்ணால் கண்டவன், அந்த எச்சரிக்கை எதுவும் இல்லாமல் நெடுஞ்சாலையில் பறக்க யோசிப்பான். பொறியியல் படிக்கும் பிள்ளைகள் இத்தகைய கார் கட்டும் அணியில் சேர்ந்தால், சங்கம் ஒரு செட் டயருக்காவது உதவலாம். அந்தத் தொகை பெரிதல்ல. பாடாலூர் நெடுஞ்சாலையில் ஒரு வீட்டு விளக்கு அணைந்த பிறகு மாலை வாங்கிக்கொண்டு போவதை விட, இது நல்ல செலவு.